முன்னால் நின்ற குற்றம்

நேர்வழி டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் மூன்று வருடமாக யாரும் விபத்து என்ற சொல்லை வாயால் சொன்னதில்லை. சொன்னால் நடந்துவிடும் என்ற பயம் ஒரு காரணம். நடந்தாலும் சொல்லாமல் விட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடும் என்ற நம்பிக்கை இன்னொரு காரணம். நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸுக்கும் மைன்ஸுக்கும் இடையே ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற காண்ட்ராக்ட் கம்பெனி அது. 'விபத்தில்லா மூன்றாண்டு விழா' என்று ஷெட் வாசலில் பேனர் கட்டியாகிவிட்டது. பேனரில் மட்டும் அந்தச் சொல்லுக்கு அனுமதி உண்டு. பந்தலுக்கும் நாதஸ்வரத்துக்கும் ஆள் சொல்லியிருந்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் கொளஞ்சிநாதன் ஒரு மயிலுக்காகக் காரை நிறுத்தினான்.

கொளஞ்சிநாதன் விருத்தாசலம் பக்கத்து ஆள். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. மனைவி தனம், பள்ளிக்கூடம் போகும் மகள் மணிமொழி, சொந்தமாக ஒரு வெள்ளைக் கார். அந்தக் காரைத்தான் நேர்வழி கம்பெனியில் காண்ட்ராக்டுக்கு விட்டு, தானே ஓட்டிக்கொண்டிருந்தான். அன்று காலை ஷிப்டுக்கு என்ஜினியர்களை ஏற்றக் காலி வண்டியோடு போய்க்கொண்டிருந்தபோது, புதரிலிருந்து ஒரு பெண்மயில் ரோட்டுக்கு வந்தது. பின்னாலேயே குஞ்சுகள். கொளஞ்சிநாதன் பிரேக்கை மிதித்தான். வண்டி அலுங்காமல் நின்றது. முதல் குஞ்சு ரோட்டைத் தாண்டியது.

அவனுக்குப் பின்னால் கம்பெனியின் பாதுகாப்புத் துறை ஜீப் வந்துகொண்டிருந்தது. ஓட்டியவன் பிரவீன்குமார். பக்கத்தில் பாதுகாப்பு மேலாளர் குஞ்சிதபாதம், விழாவை முன்னிட்டு வாங்கிய புது ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார். "முன்னால் செல்லும் வாகனத்துக்கும் உங்களுக்கும் இடையே போதிய இடைவெளி" என்று ஒலிபெருக்கி சொன்னது. அப்போது ஜீப், காரின் முதுகில் ஏறியது. பின்விளக்குக் கண்ணாடி கொட்டி, டிக்கி மூடி வாய் பிளந்து, மயில் பறந்து, கொளஞ்சிநாதனின் கழுத்து முன்னால் போய்ப் பின்னால் வந்து நின்ற பிறகு, "விடவும்" என்ற மீதிச் சொல்லும் வந்து சேர்ந்தது.

குஞ்சிதபாதம் இறங்கி வந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். கொளஞ்சிநாதனுக்கு அடிபட்டதா என்று கேட்கப்போகிறார் என்று அவன் நினைத்தான்.

"யாரும் அந்த வார்த்தையச் சொல்லிடாதீங்க" என்றார் அவர்.

"எந்த வார்த்தைங்க?"

"மனசுல நினைக்கிறீங்களே, அது. நடந்தது ஒரு தொடுகை. நம்ம கம்பெனியோட ரெண்டு வண்டி ஒண்ணையொண்ணு தொட்டுக்கிச்சு. குடும்பத்துக்குள்ள தொட்டுக்கிறதில்லையா?"

அன்று மாலை கார் வீட்டுக்கு வந்தபோது தனம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, வண்டி ஏன் கோணிகினு வருது?" என்றாள். கொளஞ்சிநாதன் நேராகத்தான் வந்துகொண்டிருந்தான். காரின் முகம் மட்டும் பக்கத்து வீட்டைப் பார்த்தது. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடித்து வைத்துக்கொண்டால்தான் ரோட்டில் நின்றது. டிக்கி மூடவில்லை. இடப்பக்கப் பின்கதவைத் திறக்கத் தோளால் முட்ட வேண்டியிருந்தது.

மந்தாரக்குப்பம் மெக்கானிக் ஒருவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்தார். "பம்பர் போனா போவுது. உள்ள சேஸ் மடிஞ்சிருக்கு. இடிய வாங்குறதுக்குன்னு இருக்கிற பாகம் அது. ஒரு தடவ வாங்கிடுச்சு. இன்னொரு தடவ எவனாச்சும் பின்னால குத்தினான்னா சீட்டு முன்னால வந்துடும். பின்னால யாரையும் ஒக்கார வெக்காதீங்க."

அன்றிலிருந்து தனம் மகளை அந்தக் காரில் ஏற்றவில்லை.

இன்சூரன்ஸ் ஆபீசில் விவரம் சொன்னான். டூட்டியில் இருந்த வண்டி என்பதால், விபத்து நடந்தது என்று கம்பெனி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். ஒரே ஒரு வரி. கொளஞ்சிநாதன் நிம்மதியாக ஷெட்டுக்குப் போனான்.

"நடக்காததை நான் எப்படி எழுதித் தர்றது?" என்றார் குஞ்சிதபாதம். அவர் கெட்டவர் இல்லை. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "கையெழுத்துன்னா சத்தியம் மாதிரி கொளஞ்சி. உங்களுக்கு வண்டியில குறை இருந்தா ஒர்க்‌ஷாப்ல காட்டுங்க. அதுக்குத்தானே துறை வெச்சிருக்கு."

ஒர்க்‌ஷாப் பொறுப்பாளர் ஜெயப்பிரகாஷ் காரை முன்பக்கமிருந்து பார்த்தார். முன்பக்கம் நன்றாக இருந்தது. பின்பக்கம் வந்து பம்பரை விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"மேலோட்டமான சேதம்."

"சேஸ் மடிஞ்சிருக்குன்னு மெக்கானிக்கு சொன்னாருங்க."

"சேஸ் எங்க இருக்கு?"

"உள்ளங்க."

"உள்ள இருக்கிறத நாம பாக்கக் கூடாது. கழட்டிப் பாத்தா, பாத்ததை எழுதணும். எழுதினா வண்டிய நிறுத்தணும். வண்டி நின்னா உங்க பொழப்பு நின்னுபோயிடும். உங்க நல்லதுக்குத்தான் நான் பாக்காம இருக்கேன்."

டிக்கி மூடியில் ஒடுங்கியிருந்த இடத்தின் மேல் 'பாதுகாப்பே எங்கள் பண்பாடு' என்ற பெரிய ஸ்டிக்கரை ஒட்டி, வண்டி ஃபிட் என்று முத்திரை போட்டுக் கொடுத்தார். ஒடுக்கத்துக்குள் போன ஸ்டிக்கரில் 'பண்பாடு' பாதிதான் தெரிந்தது.

கொளஞ்சிநாதன் விடவில்லை. தினமும் டூட்டி முடிந்ததும் குஞ்சிதபாதத்தின் அறை வாசலில் போய் நின்றான். அங்கே நிற்கும்போதும் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் நின்றான். முதுகுக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீக்கடையில் தள்ளி உட்காருவான். பஸ் ஹாரன் கேட்டால் கழுத்தைச் சுருக்குவான். ஓட்டும்போது கண் முக்கால்வாசி நேரம் கண்ணாடியிலேயே இருந்தது. முன்னால் என்ன வருகிறது என்பதைக் குத்துமதிப்பாகப் பார்த்து ஓட்டினான்.

அவன் வந்து நிற்பது பார்வைக்கு நன்றாக இல்லை என்று கடைசியில் விசாரணைக் கமிட்டி அமைத்தார்கள். குஞ்சிதபாதம் தலைவர். ஜெயப்பிரகாஷ் உறுப்பினர். மேஜையில் பிஸ்கட், டீ, நடுவில் ஒரு பூங்கொத்து.

"இது வெளிநாட்டு முறை" என்றார் குஞ்சிதபாதம். "அஞ்சு தடவ ஏன்னு கேப்போம். அஞ்சாவது ஏன்ல மூல காரணம் வந்துடும். பயப்படாதீங்க. முதல் ஏன். ஏன் தொடுகை நடந்தது?"

"பின்னால வந்த ஜீப்பு இடிச்சிதுங்க."

"அது எப்படி நடந்ததுங்கிறது. நான் கேட்டது ஏன். உங்க வண்டி அந்த இடத்துல இருந்தது, அதனால நடந்தது. சரிதானே? இல்லாட்டி ஜீப் சும்மா போயிருக்கும்."

கொளஞ்சிநாதன் யோசித்தான். அதில் பொய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. "சரிங்க" என்றான்.

"ரெண்டாவது ஏன். ஏன் அங்க நின்னீங்க?"

"மயிலு குறுக்க போச்சுங்க. குஞ்சுங்கள இட்டுகினு போச்சு."

"மூணாவது. ஏன் மயிலுக்கு நின்னீங்க?"

"உசுரு ஆச்சேங்க."

ஜெயப்பிரகாஷ் தொண்டையைச் செருமினார். "சார், இவர் பேரு கொளஞ்சிநாதன். கொளஞ்சியப்பர்னா முருகன். முருகனுக்கு வாகனம் மயில். இதுல சொந்த ஈடுபாடு இருக்கு."

குஞ்சிதபாதம் பேனாவை மூடிவிட்டு அவரை மரியாதையோடு பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். "நாலாவது ஏன். ஏன் சரியா அந்த நேரத்துக்கு அங்க வந்தீங்க?"

"டூட்டி நேரங்க. லேட்டா போனா ஆப்சென்ட் போட்டுடுவீங்களே."

"கொஞ்சம் லேட்டா வந்திருந்தா?"

"மயிலு போயிருக்குங்க."

"ஜீப்பும் போயிருக்கும். ஆக, நேரத்துக்கு வந்ததுதான் பிரச்சினை. அஞ்சாவது, கடைசி ஏன். ஏன் நேரத்துக்கு வந்தீங்க?"

இதற்குக் கொளஞ்சிநாதனுக்குப் பதில் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து எங்கே போனாலும் நேரத்துக்குப் போகிற பழக்கம் அவனுக்கு. யாரும் ஏன் என்று கேட்டதில்லை. 

"பதில் இல்லை" என்று எழுதிக்கொண்டார்கள்.

பிரவீன்குமாரிடம் இரண்டே கேள்விதான். "நீ பின்னாலதானே இருந்தே?" "ஆமாங்க சார்." "முந்தணும்னு பாத்தியா?" "இல்லைங்க சார்." "வரிசை தவறாம இருந்திருக்கான்" என்று குஞ்சிதபாதம் பாராட்டினார். பிரவீன்குமார் கொளஞ்சிநாதனைப் பார்க்காமல் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டான்.

அடுத்த நாள் நேர்ச்சோதனை. நடந்ததை அப்படியே நடத்திப் பார்ப்பது. அதே ரோடு, அதே கார், அதே ஜீப். மயிலுக்குப் பதில் ஆபீஸ் பியூன் ஒரு பச்சைத் துண்டைப் போர்த்திக்கொண்டு குறுக்கே நடந்தார். ஊழியர்கள் இருபுறமும் நின்று பார்த்தார்கள். கொளஞ்சிநாதன் மட்டும், "வேணாங்க சார், இன்னொரு தடவ தாங்காதுங்க" என்று சொல்லிப்பார்த்தான்.

"ஜீப் மெதுவாத்தான் வரும். தொடுறதுக்கு முன்னாடி நின்னுடும். எத்தனை தூரத்துல நிக்கணும்னு சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கோம் பாருங்க."

பியூன் நடந்தார். கொளஞ்சிநாதன் நிறுத்தினான். பிரவீன்குமார் சுண்ணாம்புக் கோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்து, கோட்டைத் தாண்டி, காரை இடித்தான். பின்சீட்டு ஒரு கை அகலம் முன்னால் வந்தது. 'பண்பாடு' முழுவதும் உள்ளே போய்விட்டது.

"சார், இது..." என்று கொளஞ்சிநாதன் இறங்கி வந்தான்.

"இது திட்டமிட்டு நடத்தினது" என்றார் குஞ்சிதபாதம். "திட்டமிட்டு நடந்தா அது எப்படிங்க அந்த வார்த்தையாகும்? சோதனை வெற்றி. அன்னிக்கு நடந்தது அப்படியே திரும்பி வந்திருக்கு." ஊழியர்கள் கைதட்டினார்கள். பச்சைத் துண்டு போர்த்திய பியூனும் தட்டினார்.

இரவு சாப்பிடும்போது தனம், "நம்ம கொளஞ்சியப்பர் கோயில்ல சீட்டுல பிராது எழுதிக் கட்டியிருந்தா சாமியே இந்நேரம் பதில் சொல்லியிருக்கும். இவனுங்ககிட்ட போயி ஏன் ஏன்னு பதில் சொல்லிகினு நிக்கிறீங்க" என்றாள்.

"கேள்வியெல்லாம் சரியாத்தான் கேக்குறாங்க தனம். பதிலுதான் எனக்கு வரல."

தனம் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கமிட்டியின் முடிவு சுற்றறிக்கையாக வந்தது. பின்னால் வரும் வாகனம் தொடுவதற்கு, முன்னால் ஒரு வாகனம் இருப்பதே மூல காரணம். ஆகவே இனி எந்தக் காண்ட்ராக்ட் வண்டியும் இன்னொரு வண்டிக்கு முன்னால் போகக் கூடாது. மீறினால் காண்ட்ராக்ட் ரத்து.

மறுநாள் காலை ஷெட் கேட்டுக்கு உள்ளே எல்லாக் கார்களும் என்ஜினை ஓடவிட்டு நின்றன. யாரும் முதலில் கிளம்பவில்லை. "நீங்க போங்க அண்ணே." "இல்ல தம்பி, நீ போ." "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு அண்ணே." மரியாதை நேரம் ஆக ஆக முற்றிச் சண்டையானது. ஷிப்டுக்குப் போக வேண்டிய என்ஜினியர்கள் குவார்ட்டர்ஸ் வாசல்களில் டிபன் பாக்ஸோடு நின்று போன்மேல் போன் போட்டார்கள். குஞ்சிதபாதம் ஓடி வந்து நிலைமையைப் பார்த்தார். சுற்றறிக்கையை வாபஸ் வாங்கினால் அதில் தவறு இருந்ததாக ஆகும். கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார்.

"கொளஞ்சி முன்னால போகட்டும். ஏற்கெனவே தொடுகை அனுபவம் உள்ள வண்டி."

அன்றிலிருந்து தினமும் காலையில் கோணிக்கொண்டு போகும் வெள்ளைக் கார் முன்னால், மற்ற வண்டிகள் எல்லாம் பின்னால். முதுகெல்லாம் வேர்த்துப்போய் கொளஞ்சிநாதன் ஓட்டினான். பின்சீட்டில் யாரையும் ஏற்றாமலிருக்க, சீட்டில் எறும்பு என்று என்ஜினியர்களிடம் பொய் சொன்னான். வேறு வண்டியில் நெருக்கியடித்து ஏறிக்கொண்ட அவர்கள் அவன்மேல் புகார் கொடுத்தார்கள். அதற்குத் தனியாக ஒரு விசாரணை நடந்தது.

விழா நாள் வந்தது. கார்களைக் கழுவி, மாலை போட்டு, பந்தலுக்குள் நெருக்கமாக நிறுத்திவைத்தார்கள். கொளஞ்சிநாதனின் காரை மட்டும் விருந்தினர் கண்ணில் படாமல் சமையல் கொட்டகைக்குப் பின்னால் விடச் சொன்னார்கள். தலைமை விருந்தினர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர். கடலூரிலிருந்து அவர் வந்த கார் குள்ளஞ்சாவடியில் நின்றுவிட்டதாகப் போன் வந்தது. மாலை போட்ட கார்களில் ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் முதலில் பந்தலைப் பிரிக்க வேண்டும். ஜீப்பில் ஏற்றினால் நீதிபதிக்கு மரியாதை இல்லை. வெளியே எடுக்க முடிந்த கார் ஒன்றே ஒன்றுதான்.

"அதுலயா?" என்றார் குஞ்சிதபாதம்.

"ஃபிட்னு முத்திரை இருக்குங்களே சார்" என்றான் கொளஞ்சிநாதன். அவன் குத்தலாகச் சொல்லவில்லை. முத்திரை இருந்தது, அதைச் சொன்னான்.

கம்பெனி எம்.டி. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். குஞ்சிதபாதம் முன்சீட்டில் ஏறினார்.

குள்ளஞ்சாவடியில் நீதிபதியை ஏற்றியபோது சிக்கல் வந்தது. விருந்தினரைப் பின்னால் தனியாக விட்டு மேலாளர் முன்னால் உட்கார முடியாது. நீதிபதி நல்ல மனிதர். "வாங்க, பேசிக்கிட்டே போகலாம்" என்று பக்கத்தில் தட்டிக் காட்டினார். குஞ்சிதபாதம் பின்சீட்டில் உட்கார்ந்தார். முழங்கால் முன்சீட்டில் இடித்தது. கொளஞ்சிநாதன் வெளியே நின்று கதவைத் தோளால் முட்டி மூடினான். வழித்துணையாகப் பிரவீன்குமார் ஜீப்பில் பின்னால் வந்தான். விருந்தினர் வண்டியை விட்டுப் பிரியாதே என்று குஞ்சிதபாதமே காலையில் சொல்லியிருந்தார்.

"ஏம்ப்பா, வண்டி வயலைப் பாத்துப் போற மாதிரி இருக்கே?" என்று நீதிபதி கேட்டார்.

"ரோடு அப்படிங்க ஐயா" என்றார் குஞ்சிதபாதம். பிறகு ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தார். ஜீப்பின் முகப்பு கண்ணாடி நிறையத் தெரிந்தது. முன்னால் திரும்பினார். மறுபடி பின்னால் திரும்பினார். அதன்பிறகு அவர் முன்னால் திரும்பவே இல்லை. நீதிபதி ரோட்டுப் பாதுகாப்பைப் பற்றி ஏதோ கேட்டார். குஞ்சிதபாதம் பின்கண்ணாடியைப் பார்த்தபடியே "ஆமாங்க, ஆமாங்க" என்றார். அவர் நெற்றியில் வேர்வை கோடு கோடாக இறங்குவதைக் கொளஞ்சிநாதன் கண்ணாடியில் பார்த்தான். பாவமாக இருந்தது. அந்தப் பார்வை அவனுக்குத் தெரிந்த பார்வை.

வடலூர் தாண்டி ஒரு வேகத்தடை வந்தது. கொளஞ்சிநாதன் வேகத்தைக் குறைத்தான்.

"நிறுத்தாத! போ! போய்க்கிட்டே இரு!" குஞ்சிதபாதம் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "பின்னால வர்றான்! அவன் நிறுத்த மாட்டான்! ஐயா, இறங்கிடலாங்கய்யா. ரெண்டு தடவ இடிபட்ட வண்டிங்கய்யா இது! உள்ள சேஸே மடிஞ்சு கெடக்கு! விபத்துல அடிபட்ட வண்டி, விபத்து, விபத்து!"

கொளஞ்சிநாதன் காரை நிறுத்தினான். ஜீப், காருக்கு நல்ல இடைவெளியில் நின்றது. அன்றைக்கு மட்டும் பிரவீன்குமார் ஒழுங்காக ஓட்டினான்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எந்த விபத்து? நிதானமாச் சொல்லுங்க" என்றார்.

விழா மேடையில் நீதிபதி மைக்கைப் பிடித்து, தான் வாழ்நாளில் கேட்ட வாக்குமூலங்களில் மிகத் தெளிவானது இன்று வடலூர் ரோட்டில் கேட்டது என்றார். நடந்தது நடந்தபடி கம்பெனி அந்த டிரைவருக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் தான் கிளம்பப்போவதாகவும் சொன்னார். எம்.டி. சிரித்தபடியே கைதட்டினார். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.

கம்பெனி எழுதிக் கொடுத்தது. விபத்து நடந்தது என்ற அந்த ஒரு வரி கொளஞ்சிநாதன் கைக்கு வந்தது. அடுத்த வாரம் குஞ்சிதபாதத்துக்கு, மறைந்திருந்த ஒரு விபத்தைத் தன் உயிரைப் பணயம் வைத்துக் கண்டுபிடித்ததற்காகச் சிறப்பு விருது கொடுத்தார்கள். அன்றே கொளஞ்சிநாதனின் காண்ட்ராக்டை ரத்து செய்தார்கள். விபத்தில் அடிபட்ட வாகனத்தைக் காண்ட்ராக்டில் வைத்திருக்க விதியில் இடமில்லை.

இன்சூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். இந்த வண்டியைச் சரிசெய்ய முடியாது, உடைக்கத்தான் வேண்டும் என்று எழுதிப் பணத்தைக் கொடுத்தார்கள். மந்தாரக்குப்பம் ஸ்டாண்டில் வேறொருவர் காரை ஓட்டக் கொளஞ்சிநாதனுக்கு வேலையும் கிடைத்துவிட்டது. வண்டியை உடைக்கிற அன்று தனமும் கூட வந்தாள். பழைய இரும்புக் கடை வேணு பின்பக்கத் தகட்டை வெட்டி இழுத்துப் போட்டார். உள்ளே இரும்பு, கசக்கி எறிந்த காகிதம் போல, பின்சீட்டின் அடி வரைக்கும் சுருண்டு கிடந்தது.

தனம் குனிந்து பார்த்தாள். மணிமொழி உட்காரும் இடம் அது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள்.

"எப்படிப்பா இப்படி ஆச்சு?" என்றார் வேணு.

"நின்னுகினு இருந்தேன். பின்னால வந்து ஜீப்பு இடிச்சிது."

"நின்னுகினு இருந்த வண்டியவா? அப்போ ஒம்மேல என்னாப்பா தப்பு." வேணு அடுத்த தகட்டில் கட்டரை வைத்தார்.

இத்தனை நாளில் அதை ஒருவர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. கொளஞ்சிநாதனுக்கு நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆனால் அவன் அவசரமாக ஓரடி முன்னால் போய், அவர் தவறாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாதே என்பது போலச் சொன்னான்:

"இல்லைங்க. முன்னால நின்னது நான்தானுங்களே."